பழைய அல்பங்களைக் கூடிக் கேட்டு வரிசைப்படுத்துவது எப்படி: கொழும்பில் புதிதாகத் தொடங்குவோருக்கு

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் நாலு வருடமாக மாதம் ஒருமுறை கூடுகிறோம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த அல்பங்களைக் கொண்டுவந்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை கேட்டு, பிறகு புள்ளி போட்டு வரிசைப்படுத்துவோம். தெகிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கும் சிலர் தாங்களும் இப்படி ஒன்று தொடங்கப் போவதாகச் சொல்லி, என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வரிசை போடத்தான் கூடுகிறோம் என்று நாங்களும் ஆரம்பத்தில் நினைத்தோம். போகப் போகத்தான் விளங்கியது: கடைசியில் புள்ளி போட வேண்டும் என்பதால்தான் யாரும் நடுவில் எழும்பிப் போகாமல் நாற்பது நிமிடம் இருந்து கேட்கிறோம். வீட்டில் தனியாக இருந்தால் இரண்டாவது பாட்டிலேயே கை தொலைபேசிக்குப் போய்விடும். கீழே சொல்லப்போகும் ஒழுங்குகள் எல்லாமே அந்த முழுக் கேட்டலைக் காப்பாற்றத்தான்.

ஆட்களும் நாளும்

ஐந்து பேர் இருந்தால் தொடங்கலாம். எட்டுக்கு மேல் போனால் பேச்சு நீண்டுவிடும், ஒரு வீட்டு விறாந்தையில் கதிரையும் காணாது. வயது கலந்திருக்கட்டும். எழுபதுகளில் பெடியனாகத் திரிந்த ஒருவர், எண்பதுகளில் கசெற் வாங்கிய ஒருவர், இரண்டு காலத்தையும் காணாத இருபது வயதுப் பிள்ளை ஒன்று, இப்படி இருந்தால் ஒரே பாட்டை மூன்று காதால் கேட்டது மாதிரி இருக்கும்.

நாளுக்கு எங்களிடம் வசதியான பதில் உண்டு: பௌர்ணமியன்று வரும் போயா தினம். மாதம் ஒன்று வரும், விடுமுறை, காலி வீதியிலும் நெரிசல் குறைவு. வெசாக் போயாவை மட்டும் விட்டுவிடுங்கள். பந்தல் பார்க்க வரும் கூட்டத்தில் கொட்டாஞ்சேனையில் இருந்து ஒருவர் வெள்ளவத்தைக்கு வந்து சேர்வதற்குள் முதல் அல்பம் முடிந்துவிடும். போயா அன்று அக்கம்பக்கத்தில் பலர் 'சில்' எனும் பௌத்த நோன்பு எடுத்திருப்பார்கள். ஒலியைக் கட்டுக்குள் வைத்து, ஜன்னலைச் சாத்திக் கேளுங்கள். கீழ் வீட்டாரிடம் முதல் நாளே ஒரு சொல் சொல்லிவைப்பது மரியாதை.

பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கினால் ஒரு சந்திப்புக்கு மூன்று அல்பம் கேட்கலாம். மேலைநாட்டு எல்பி, அதாவது பெரிய இசைத்தட்டு, ஒன்று சுமார் நாற்பது நிமிடம். தமிழ்ப் படப் பாடல்கள் என்றால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆளுக்கு இரண்டு நிமிடப் பேச்சையும் தேத்தண்ணியையும் சேர்த்தால் ஏழரை மணிக்கு எழும்பலாம். நாலாவது அல்பத்துக்கு ஆசைப்பட்டு நாங்கள் பலமுறை கெட்டிருக்கிறோம். அந்த நேரத்தில் காது களைத்துவிடும், கடைசியாக வரும் அல்பத்துக்கு அநியாயமாகப் புள்ளி குறையும்.

எதை அல்பம் என்று எடுப்பது?

புதியவர்கள் அதிகம் இழுபடுவது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒரு பெயரில், ஒரே நேரத்தில், ஒன்றாக வெளியிடப்பட்ட பாட்டுகளின் தொகுதி: எங்கள் விதி இவ்வளவுதான். பிறகு வந்த 'சிறந்த பாடல்கள்' தொகுப்புகள் சேராது. வேறு யாரோ ஏற்கெனவே பொறுக்கித் தந்ததற்கு நாம் புள்ளி போடுவதில் பொருள் இல்லை.

தமிழ்ப் படப் பாடல்களில் சிக்கல் வரும். பல படங்களின் பாட்டுகள் நாலு பாட்டுக் கொள்ளும் சின்ன ஈபி தட்டில்தான் வந்தன. கசெற் காலத்தில் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் என்று வந்தவையும் ஏராளம். இதற்காக, ஒரு படத்தின் பாட்டுகள் எந்த வடிவத்தில் வந்திருந்தாலும் சேர்ந்து ஒரு அல்பம் என்று வைத்துக்கொண்டோம். பின்னணி இசைத் துண்டுகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டிருந்தால் அவற்றை விட்டுவிடுவோம்.

எங்கள் இலங்கைப் பொப் பாடல்களுக்கும் இதே சலுகை வேண்டும். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் பாட்டுகளைப் பெரிய எல்பி அல்பமாகத்தான் எதிர்பார்த்தால் அவர்கள் வரிசைக்குள் வரவே மாட்டார்கள். அவர்கள் இல்லாத வரிசையைக் கொழும்புத் தமிழர் வரிசை என்று சொல்ல எனக்கு வாய் வராது. சின்னத் தட்டு ஒன்றில் நாலு பாட்டு இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ரெக்கோர்டிங் பார் கசெற்றுகள். இளையவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கும். விருப்பமான பாட்டுகளை ஒரு கடதாசியில் எழுதி, வெறும் கசெற் ஒன்றோடு கடையில் கொடுத்தால், அவர்கள் தட்டிலிருந்து பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கசெற் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், தொண்ணூறு என்றால் நாற்பத்தைந்து. தொண்ணூறு நிமிடக் கசெற்றில் பக்கத்துக்கு ஒரு எல்பி அச்சாகப் பொருந்தும். அதனால் எங்கள் தலைமுறைக்குச் சில அல்பங்கள் சோடியாகத்தான் நினைவில் நிற்கின்றன. ஒன்று முடிந்ததும் இயந்திரத்தைத் திறந்து கசெற்றைத் திருப்புவது வரைக்கும் கைக்கு ஞாபகம். அப்படிப் பதிந்த முழு அல்பம் என்றால் தாராளமாகக் கொண்டுவரலாம். பாட்டுகளைக் கலந்து பதிந்த கசெற்றுக்கு மட்டும் நாங்கள் தனிக் கொப்பி வைத்திருக்கிறோம். அதில் புள்ளி இல்லை, பதிவித்தவர் யார், எந்தக் கடை, எந்த வருடம் என்பது மட்டும் இருக்கும்.

இரண்டு ஆண்டுகளை எழுதுங்கள்

எங்கள் காலவரையறை 1970 ஜனவரி முதல் 1989 டிசம்பர் வரை. இது வெளிவந்த ஆண்டைப் பொறுத்தது. ஆனால் கொப்பியில் பக்கத்திலேயே இன்னொரு ஆண்டையும் எழுதுங்கள்: கொண்டுவந்தவர் அதை முதலில் கேட்ட ஆண்டு.

இலங்கையில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும், அதற்குக் காரணமும் உண்டு. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வெளிநாட்டு இசைத்தட்டு, ரேடியோ கசெற் எல்லாம் கண்ணில் காண்பதே அரிது. 1977 இன் கடைசியில் திறந்த பொருளாதாரம் வந்த பிறகு கசெற் இயந்திரங்கள் கடைகளில் நிறைந்தன. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களும் திரும்பி வரும்போது ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார்கள். 1973 இல் வந்த ஒரு அல்பத்தை 1981 இல் புதுப் பாட்டு என்று கேட்டவர்கள் எங்கள் கூட்டத்திலேயே மூன்று பேர். அவர்களுக்கு அது எண்பதுகளின் அல்பம்தான். அதை மறுக்காமல், இரண்டு ஆண்டையும் எழுதிவைத்தால் வாக்குவாதம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

வெளிவந்த ஆண்டைப் பார்ப்பதில் ஒரு கவனம் வேண்டும். இணையத்தில் பாட்டுக் கேட்கும் செயலிகள் பலதடவை மறுபதிப்பு ஆண்டையே காட்டும். எழுபதுகளின் அல்பத்துக்கு 2011 என்று போட்டிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். தட்டின் உறையிலோ கசெற் அட்டையிலோ வட்டத்துக்குள் 'பி' எழுத்துப் போட்ட குறியைத் தேடுங்கள். அதற்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஒலிப்பதிவு வெளியான ஆண்டு. அது கிடைக்காத தமிழ்ப் பட அல்பங்களுக்குப் படம் வெளிவந்த ஆண்டையே எடுத்துக்கொள்கிறோம்.

கையில் இல்லாததையும் கொண்டுவரலாம்

இந்த விதியை நாங்கள் ஆரம்பத்தில் வைக்கவில்லை. 'உங்களிடம் இருக்கும் அல்பம் ஒன்றைக் கொண்டுவாருங்கள்' என்றுதான் சொன்னோம். இரண்டாவது சந்திப்புக்கு வந்த ஒரு அன்ரி வெறுங்கையோடு இருந்தார். பம்பலப்பிட்டியில் இருந்த அவர்களுடைய வீடு 83 ஜூலையில் எரிந்தது, தகப்பனார் சேர்த்த தட்டுகள் பெட்டியோடு போய்விட்டன என்று பிறகுதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் ஒரு தட்டும் வாங்கவில்லை. ஆனால் 'நினைத்தாலே இனிக்கும்' பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, எந்த இடத்தில் தட்டில் கீறல் விழுந்து ஊசி துள்ளும் என்பது வரைக்கும் சொன்னார். நாங்கள் தொலைபேசியில் தேடிப் போட்டோம். கீறல் இருக்க வேண்டிய இடம் வந்ததும் அவருடைய கை தன்னாலே ஊசியைத் தூக்குவது போல எழும்பியது.

கொழும்பில் தமிழர்கள் கூடும் எந்த விறாந்தையிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஆகவே அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்: அல்பம் கையில் இருக்கத் தேவையில்லை, நினைவில் இருந்தால் போதும், தேடி எடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

முதல் சில சந்திப்புகளுக்கு எதைப் போடலாம்?

தமிழர்கள் கூடினால் முதல் மாதம் எல்லோரும் இளையராஜாவையே கொண்டுவருவார்கள். அதில் குற்றம் இல்லை. 1976 இல் 'அன்னக்கிளி'யோடு அவர் வந்த பிறகு அடுத்த பதின்மூன்று வருடத்துக்கு நம் வீடுகளில் ஒலித்ததில் பெரும் பகுதி அவருடையது. ஆனால் ஒரு சந்திப்பில் ஒரு இசையமைப்பாளருக்கு ஒரு அல்பம் என்று வரம்பு வையுங்கள், இல்லாவிட்டால் மற்றவற்றுக்கு இடமே இருக்காது.

எங்கள் அனுபவத்தில் நன்றாகப் பலித்த சிலவற்றைச் சொல்கிறேன்.

'நினைத்தாலே இனிக்கும்' (1979) எம். எஸ். விஸ்வநாதனின் அல்பம். படமே ஒரு பாட்டுக் குழுவின் கதை, ஆகவே பாட்டுகள் ஒரே மேடையில் நடப்பவை போல ஒட்டி நிற்கும். படப் பாடல்களையும் முழு அல்பமாகக் கேட்க முடியும் என்று இளையவர்களுக்குக் காட்ட இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

'ப்ரியா' (1978) தமிழில் ஸ்டீரியோவில் பதிவான ஆரம்ப காலப் படப் பாடல்களில் ஒன்று. இதைச் சரியாக வைத்த இரண்டு ஒலிபெருக்கிகளில் கேட்டுவிட்டு, அதற்கு முந்திய ஏதாவது ஒரு படப் பாட்டைக் கேளுங்கள். வாத்தியங்கள் இடமும் வலமும் பிரிவதை எல்லோரும் உடனே கண்டுகொள்வார்கள்.

'ஹவ் டு நேம் இட்' (1986) படத்துக்காகச் செய்யப்படாத இளையராஜா. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ்வுக்கும் காணிக்கையாக்கிய வாத்திய இசை, வயலின் வி. எஸ். நரசிம்மன். பாடல் வரி இல்லாததால் முதல் தடவை சிலருக்குப் பிடிபடாது. இதை மூன்றில் முதலாவதாகப் போடுங்கள், காது புதிதாக இருக்கும்போது.

சக்தி குழுவின் முதல் அல்பம் 1975 ஜூலையில் நியூ யோர்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் மேடையில் பதிவாகி அடுத்த வருடம் வந்தது. ஜோன் மக்லாக்லின் கித்தார், சாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம், எல். சங்கர் வயலின். சங்கரின் தகப்பனார் லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. இதைச் சொல்லிவிட்டுப் போட்டபோது, 'இது எங்களுக்கு விளங்காத இசை' என்று கதிரையைப் பின்னுக்குத் தள்ளி இருந்த ஒரு அங்கிள் கதிரையை முன்னுக்கு இழுத்ததை நான் கண்டேன்.

பொப் மார்லியின் 'எக்ஸோடஸ்' (1977) பற்றி மட்டும் கூடுதலாக ஒரு சொல். 1976 டிசம்பரில் ஜமேக்காவில் அவருடைய வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். தப்பியவர் நாட்டை விட்டு லண்டனுக்குப் போய் இதைப் பதிவு செய்தார். தட்டின் முதல் பக்கம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிடுவதும் கோபமும் நம்பிக்கையும். திருப்பினால் இரண்டாம் பக்கம் ஆட்டமும் காதலும் ஆறுதலும். இரண்டுக்கும் நடுவே எழும்பிப் போய்த் தட்டைத் திருப்பும் அந்த அரை நிமிடம் அல்பத்தின் ஒரு பகுதி. தொலைபேசியில் கேட்டாலும் ஐந்தாவது பாட்டு முடிந்ததும் நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டுத் தொடருங்கள். எங்கள் கொப்பியில் மூன்று வருடமாக முதல் ஐந்துக்குள் நிற்பது இது. பிடித்த காரணத்தை யாரும் நீட்டி விளக்கியதில்லை.

பிங்க் ஃபுளொய்டின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' (1973) பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று ஓடும். செயலியில் பாட்டுகளைக் கலைத்துப் போடும் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மைக்கல் ஜக்சனின் 'த்ரில்லர்' (1982) ஒன்பது பாட்டுத்தான், எல்லோருக்கும் தெரியும், முதல் சந்திப்பில் கூச்சம் தெளிய நல்லது. டுரன் டுரன் குழுவின் 'ரியோ'வும் அதே வருடம். அதன் இரண்டு பாட்டுகளுக்குக் காட்சி எடுத்தது இலங்கையில், ஒன்றில் சீகிரியாவையும் பொலனறுவையையும் காணலாம். அல்பமாக அது எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. எங்கள் இளைய பிள்ளைகளுக்கோ நன்றாகப் பிடித்துவிட்டது.

கேட்கும் ஒழுங்கு

விலை கூடிய சாமான் தேவையில்லை. ஆனால் புளூடூத் பெட்டி ஒன்றே ஒன்றை மேசையில் வைத்தால் இடமும் வலமும் கலந்து ஒரே இடத்திலிருந்து வரும். சின்னதானாலும் இரண்டு ஒலிபெருக்கிகளை ஆறேழு அடி தள்ளி வைத்து, கேட்பவர்களோடு சேர்த்து முக்கோணமாக அமையுங்கள். சுவர் மூலைக்குள் தள்ளிவிட்டால் தாழ்ந்த ஒலி குமுறும்.

உண்மையான தட்டோ கசெற்றோ கிடைத்தால், போடுமுன் பாருங்கள். கடலோரக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். கசெற்றின் சிறு ஜன்னல் வழியே நாடாவில் வெள்ளையாகத் தூள் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை இயந்திரத்தில் போட்டால் அடுத்து போடும் கசெற்றுக்கும் தொற்றும், ஆகவே தனியாக எடுத்துவையுங்கள். நல்ல நாடா என்றாலும் பல வருடம் கிடந்திருந்தால், ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிய பிறகு போடுங்கள். இயந்திரத்தில் நாடா உரசி ஓடும் 'தலை'யை மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் வளையும்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொன்னால் உங்களுக்கு உதவும். தகப்பனாரின் கசெற் ஒன்றைக் கணினிக்கு மாற்றித் தரும்படி ஒரு கடையில் கொடுத்தேன். அவர்களுடைய இயந்திரம் வேகமாக ஓடியிருக்கிறது. பாட்டுகள் அரைச் சுரம் மேலே போய், பாடியவர்களின் குரல் மெலிந்து வந்தது. அதை அறியாமல் நாங்கள் கேட்டுக் குறைந்த புள்ளியும் போட்டுவிட்டோம். அரைச் சுரம் என்றால் வேகத்தில் ஏறக்குறைய ஆறு வீத வித்தியாசம், நாற்பத்தைந்து நிமிட அல்பம் நாற்பத்திரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். உறையில் போட்டிருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்திருக்கும். இப்போது எந்த மாற்றுப் பதிவையும் நேரம் பார்த்த பிறகே போடுகிறோம். அந்த அல்பத்தை அடுத்த மாதம் திரும்பக் கேட்டு, பழைய புள்ளியை அழித்தோம்.

ஒரு பக்கம் ஓடும்போது பேச்சு இல்லை. பக்கம் மாறும்போது பேசலாம், பிளேன்ரீ குடிக்கலாம். றோல்ஸும் பற்றீஸும் இரண்டாவது அல்பத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கடதாசிப் பையின் சரசரப்பு மெல்லிய பாட்டுகளைக் கெடுத்துவிடும்.

இளையவர் முதலில், கொண்டுவந்தவர் கடைசியில்

கேட்டு முடிந்ததும் ஆளுக்கு இரண்டு நிமிடம். வயதில் இளையவர் முதலில் பேசட்டும், அல்பத்தைக் கொண்டுவந்தவர் கடைசியில் பேசட்டும். நம் வீடுகளில் ஒரு அங்கிள் 'இதுபோல இனி வராது' என்று சொல்லிவிட்டால், பிறகு எந்தப் பிள்ளையும் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று வாய் திறக்காது. மரியாதை குறையாமல் உண்மையும் வெளியே வர இந்த ஒழுங்கு உதவுகிறது. பெரியவர்களுக்கு முதலில் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். காரணத்தைச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள், எங்கள் வீட்டில் மூத்தவரே இதை இப்போது நினைவூட்டுகிறார்.

'நல்லா இருந்தது' என்பதோடு நிறுத்த விடாதீர்கள். எந்தப் பாட்டில், எந்த இடத்தில் என்று கேளுங்கள். 'மூன்றாவது பாட்டில் புல்லாங்குழல் நின்று குரல் மட்டும் வரும் இடம்' என்று ஒருவர் சொன்னால் மற்ற எல்லோரும் அதைத் திரும்பப் போடச் சொல்வார்கள். போடுங்கள்.

புள்ளியும் வரிசையும்

வரிசைப்படுத்திக் கேட்பது கொழும்புக்குப் புதிதல்ல. 1952 இல் தொடங்கி இலங்கை வானொலியில் புதன்கிழமை இரவுகளில் போன 'பினாக்கா கீத்மாலா'வில் அமீன் சயானி இந்திப் பாட்டுகளைப் படிப்படியாக ஏற்றி இறக்கிச் சொல்வதை உபகண்டமே காத்திருந்து கேட்டது. ஒலிநாடா பம்பாயிலிருந்து வரும், ஒலிபரப்பு இங்கிருந்து போகும். நாம் விறாந்தையில் செய்வது அதன் சின்னப் பேரப்பிள்ளை.

சரி, எப்படிப் புள்ளி போடுவது? அன்றைக்குக் கேட்ட மூன்றில் தனக்கு முதலாவதுக்கு 3, அடுத்ததுக்கு 2, கடைசிக்கு 1. சிறு துண்டில் எழுதி, பெயர் போடாமல் மடித்துப் போட வேண்டும். கை தூக்கிக் கேட்காதீர்கள், மற்றவர் கையைப் பார்த்துத்தான் கை எழும்பும்.

முதலிடம் யாருக்கு அதிகம் என்று மட்டும் எண்ணினால் என்ன என்று பலர் கேட்பார்கள். எங்கள் முதல் வருடத்துச் சந்திப்பு ஒன்றின் கணக்கைப் பாருங்கள். ஏழு பேர். முதல் அல்பத்துக்கு மூன்று பேர் 3 போட்டார்கள், மற்ற நாலு பேரும் 1 போட்டார்கள்: மொத்தம் 13. இரண்டாவதுக்கு இரண்டு பேர் 3, ஐந்து பேர் 2: மொத்தம் 16. மூன்றாவதுக்கு இரண்டு பேர் 3, இரண்டு பேர் 2, மூன்று பேர் 1: மொத்தம் 13. முதலிடங்களை மட்டும் எண்ணியிருந்தால், நாலு பேர் கடைசியில் வைத்த அல்பம் வென்றிருக்கும். புள்ளி முறையில் யாருமே கடைசியில் தள்ளாத அல்பம் வென்றது. எங்களுக்கு இது நியாயமாகப் படுகிறது. சிலருக்குப் பிடித்துச் சிலருக்குப் பிடிக்காத அல்பங்களை இந்த முறை கொஞ்சம் அமுக்கிவிடும் என்பதும் உண்மை. அதனால் கொப்பியில் 3 எத்தனை, 1 எத்தனை என்பதையும் எழுதிவைக்கிறோம்.

வருடக் கடைசி வரிசைதான் கடினம். வெசாக் போக பதினொரு சந்திப்பு, மூன்று மூன்றாக முப்பத்து மூன்று அல்பம். எல்லோரும் எல்லாச் சந்திப்புக்கும் வந்திருக்க மாட்டார்கள். இங்கே மொத்தப் புள்ளியைப் பார்க்காதீர்கள். ஏழு பேர் கேட்டு ஆளுக்கு 2 போட்ட அல்பத்துக்கு 14 வரும். ஐந்து பேர் மட்டும் கேட்டு நாலு பேர் 3, ஒருவர் 2 போட்ட அல்பத்துக்கும் 14தான் வரும். கேட்டவர்களின் எண்ணிக்கையால் பிரித்தால் முன்னதுக்கு 2, பின்னதுக்கு 2.8. இந்தச் சராசரியை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஆனால் குறைந்தது நாலு பேராவது கேட்டிருக்க வேண்டும் என்று வரம்பு வையுங்கள்.

சராசரி ஒன்றாக வந்தால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துக் கேளுங்கள்: இரண்டில் ஒன்றைத்தான் இன்றிரவு முழுதாகக் கேட்கலாம் என்றால் எது? தனி ஆளாகச் சொந்த வரிசை போடுவதற்கும் இந்தக் கேள்வி மிக உதவும். முப்பத்து மூன்று அல்பம் ஏற்கெனவே வரிசையில் இருக்கிறது, புதிதாக ஒன்றை எங்கே வைப்பது? நடுவில் இருக்கும் பதினேழாவதோடு ஒப்பிடுங்கள். அதைவிட மேல் என்றால் மேல் பாதியின் நடுவோடு ஒப்பிடுங்கள். கூடிப்போனால் ஆறு கேள்வியில் இடம் கிடைத்துவிடும்.

கூட்டமாக ஒப்பிடும்போது ஒரு விசித்திரம் நடக்கும். முதலாவதை விட இரண்டாவது நல்லது, இரண்டாவதை விட மூன்றாவது நல்லது, மூன்றாவதை விட முதலாவது நல்லது என்று வாக்குகள் வட்டமடிக்கும். யாரும் பிழை விடவில்லை, பலர் வாக்குப் போட்டால் இப்படி வரும். மூன்றுக்கும் ஒரே இடத்தைக் கொடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

கேட்ட அன்றே போட்ட புள்ளியை முடிவாக எடுக்காமல், வருடத்தில் ஒருமுறை திருத்த விடுங்கள். 'எக்ஸோடஸ்' வந்து இருபத்திரண்டு வருடம் கழித்து, 1999 இல்தான் டைம் இதழ் அதை நூற்றாண்டின் சிறந்த அல்பம் என்றது. மார்வின் கேயின் 'வட்ஸ் கோயிங் ஒன்' (1971) ரோலிங் ஸ்டோன் இதழின் 2003 வரிசையில் ஆறாவது, 2020 வரிசையில் முதலாவது. அல்பம் அதே அல்பம்தான்.

கொப்பி

கடைசியாக, நல்ல தடித்த கொப்பி ஒன்று வாங்குங்கள். தொலைபேசியில் எழுதினால் அடுத்த தொலைபேசியோடு போய்விடும். ஒரு அல்பத்துக்கு ஒரு பக்கம். பெயர், வந்த ஆண்டு, கொண்டுவந்தவர் முதலில் கேட்ட ஆண்டு, எங்கே கேட்டார், யாருடைய இயந்திரத்தில், அன்றைய புள்ளி, பேச்சில் வந்த இரண்டு மூன்று வரிகள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தங்களுக்கு அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவோம். பாட்டுக் கோப்புகளை அனுப்புவதில்லை, அதற்கு உரிமை வேறு ஆட்களிடம் இருக்கிறது. பெயரைக் கண்டால் அவர்களே தேடிக் கேட்டுவிடுவார்கள், பிறகு இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி எடுத்து, தாங்கள் அதை எந்த வீட்டில், யாரோடு கேட்டோம் என்று சொல்வார்கள். அதையும் அதே பக்கத்தின் கீழே எழுதிவிடுங்கள். அதற்காக ஒவ்வொரு பக்கத்திலும் கீழே கால்வாசி இடம் வெறுமையாக விட்டு எழுதத் தொடங்குங்கள், நாங்கள் முதல் கொப்பியில் விடாமல் இப்போது துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.